அழுத்தத்தில் தெரியாமற்போன மச்சான்

படித்தவனுக்குப் பயம் வந்தால், படித்ததெல்லாம் வாய்வழியாக வெளியே வரும். எனக்கு வந்தது என் மச்சானையும் பொலிஸில் இருத்தியது.

போர்க்காலம். வெள்ளவத்தையில், மனைவியின் அண்ணன் வீட்டில் நாங்கள் ஒண்டியிருந்தோம். பல்கலைக்கழகத்தில் நான் வளைய வடிவ மூலக்கூறு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கரைசலில் பொட்டாசியம் இருந்தால் வளையம் அதை அடையாளம் கண்டு மடியில் இருத்திக்கொள்ளும். மஞ்சள் நிறம் சிவப்பாகும். அழுத்தத்தைக் கூட்டினால் பிடி தளர்ந்து விருந்தாளியைக் கைவிட்டுவிடும், மறுபடி மஞ்சள். (உலகம் இதற்காகக் காத்திருக்கிறது என்று நம்பினேன்.)

புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞரான மச்சான் ஒருநாள் கேட்டுவிட்டார்: "நிறம் மாறுறதைப் பார்க்கவோ இத்தனை வருஷம்?"

அவருக்குக் காட்டியே தீருவதென்று, அந்தக் கரைசல் அடைத்த, கண்ணாடிச் சாளரம் வைத்த உருக்குக் குழாயை, அழுத்தம் ஏற்றியபடியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் காலக் கொழும்பில், ஒரு தமிழன்!

சோதனைச் சாவடியில் சிப்பாய் பையைத் திறந்தான். "மே மொகத?" இது என்ன என்று கேட்டான்.

நல்ல சிங்களத்தில் நிதானமாக விளக்கினேன். "பயப்பட வேண்டாம் மாத்தயா. உள்ளே ஆழ்கடலின் அடியில் இருப்பது போன்ற அழுத்தம். அவ்வளவுதான்."

எல்லோரும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். வீதியில் நானும் குழாயும் மட்டும் மிஞ்சினோம்.

செய்தி கேட்டு மச்சான், என்னைப் பிடித்து வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்து, நான் தன் தங்கையின் கணவர் என்றார். அதிகாரி என்னிடம் திரும்பினார். "இந்த ஆளைத் தெரியுமா?"

ஓம் என்றால், இருவரும் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்பதுதானே அடுத்த கேள்வி?

"தெரியாது," என்றேன்.

மச்சானையும் என் பக்கத்து வாங்கில் இருத்தினார்கள்.

"என்ன காணும், என்னைத் தெரியாதோ?"

"தெரியும் மச்சான்."

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அவருக்குச் சொல்லும்!"

சொன்னேன். அதை அவர்கள் நம்பவில்லை.

மாலையில் என் பேராசிரியர் வந்து, முற்றத்தில் வைத்து வால்வைத் திறந்தார். 'ஸ்ஸ்' என்றது. பொலிஸார் நிலத்தில் படுத்தார்கள். சாளரத்தில் மஞ்சள் மெல்லச் சிவந்தது.

"வடிவாத்தான் இருக்கு," என்றார் மச்சான். பிறகு என்னைத் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு முன்னால் நடந்தார்.

அழுத்தம் நீங்கியதும் அந்த மூலக்கூறு தன் விருந்தாளியை மறுபடி அடையாளம் கண்டது. அந்த ஒரு பகல், எனக்குச் சோறு போட்டவரைத் தெரியாதென்று சொன்னவன் நான். அதற்கு எந்த விஞ்ஞானத்தையும் சாட்டுச் சொல்ல முடியாது.

மச்சானுக்கும் வயதாகிவிட்டது. இப்போதும் நான் கதவைத் தட்டினால், "ஆரது? எனக்குத் தெரியாத ஆள்!" என்று உள்ளேயிருந்து கத்துவார். கத்திக்கொண்டே வந்து கதவைத் திறப்பார்.