கண்டியில் மட்டும் ஓடிய முடிவு

படம் பார்க்கிறவர்களில் பல சாதி உண்டு. அழுவதற்கென்றே போகிறவர்கள், சண்டைக் காட்சிக்குப் போகிறவர்கள், மழைக்கு ஒதுங்கி உள்ளே போனவர்கள். இவர்களை விட்டுவிடுவோம், பாவம், படம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே சொல்ல வந்தது வீட்டுக்குப் போகாத ஓர் இனத்தைப் பற்றி. தரவரிசைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு படத்தை நன்றாக இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் ஆமாம் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். இவர் மட்டும், "எத்தனையாவது?" என்று கேட்பார். இவருக்கென்று ஓர் இயக்குநர் இருப்பார், ஒரேயொருவர். அவர் எடுத்த படங்கள் அத்தனையையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கி, காரணம் எழுதி, காரணத்துக்கும் காரணம் எழுதி, பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியில் தடுமாறினாலும் நாலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் தடுமாறாமல் வாழ்ந்துகொண்டிருப்பார். எல்லாருக்கும் பிடித்த படத்தை முதலாவதாக வைக்கவே மாட்டார். வைத்தால் பிறகு இவர் எதற்கு? வாதத்தில் தோற்கும்போது, "நீங்க அத ரெண்டாந்தரம் பாக்கல்ல, அதான்" என்பார்.

திகனயில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடையை மகன் பஹ்மியின் தலையில் கட்டிவிட்டு, பஸ் ஏறி, கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்திலுள்ள தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேருவார். சுவரோரத்து மேசை. எதிர்க் கதிரையில் மஹய்யாவயிலிருந்து வரும் பொன்னையா. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். இருவருக்கும் இயக்குநர் ஒருவரே: தெய்வநாதன். படங்கள் பதினொன்று. முப்பத்துநாலு வருடமாகப் பத்துப் படங்களின் இடத்தில் அவர்களுக்குள் பெரிய பிணக்கு இல்லை. பதினோராவதில்தான் எல்லாப் பிணக்கும். அதன் பெயர் 'ஈரவிறகு'. பொன்னையாவின் பட்டியலில் அது ஒன்று. ஸெய்னுலாப்தீனின் பட்டியலில் ஆறு.

"வாங்க நானா. இந்தக் கிழமையும் ஆறுதானா?" என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்குவார் பொன்னையா.

"ஆறுதான். பேப்பரத் தலகீழா எழுதின புள்ளைக்கு யாராச்சும் மாக்ஸ் போடுவாங்களா?"

"எழுதுன புள்ள சரியாத்தான் எழுதிச்சு. திருத்துன வாத்தியாருக்குத்தான் வாசிக்கத் தெரியல."

இதற்குப் பிறகு இருவரும் மிகுந்த திருப்தியோடு தேத்தண்ணி குடிப்பார்கள்.

பிணக்கு என்னவென்றால் இதுதான். 1979இல் கண்டித் தியேட்டரில் ஒரு மழை ஞாயிறு மாலைக்காட்சியில், படத்தின் கதாநாயகி செத்துப்போனாள். சுடலைக்குக் கொண்டுபோனார்கள். திரையில் 'வணக்கம்' விழுந்தது, விளக்குப் போட்டார்கள், சனம் எழுந்து போய்விட்டது. அப்போதுதான் கலியாணமாகியிருந்த பொன்னையாவும் எழுந்தார். மனைவி இராஜகுமாரி அவருடைய சட்டையைப் பிடித்து, "மழை விடட்டும், சும்மா இருங்க" என்றாள். பின் வரிசையில், குடை கொண்டுவராத ஸெய்னுலாப்தீனும் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் விளக்கு மறுபடி அணைந்தது. செத்தவள் உயிரோடு வந்தாள். புருஷனோடு சண்டை பிடித்தாள், சமாதானமானாள், ஈர விறகை ஊதி ஊதிப் புகையில் கண் கலங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு திரை வெள்ளையாகிவிட்டது. வணக்கம் இல்லை, ஒன்றுமில்லை.

வாசற்படியிலேயே வாதம் தொடங்கிவிட்டது. மரணத்துக்கு வணக்கம் போட்டுவிட்டு வாழ்க்கைக்கு முடிவே போடாமல் விட்ட மேதை என்றார் பொன்னையா. முன்னுக்குப் பின் தெரியாத குழப்படிக்காரன் என்றார் ஸெய்னுலாப்தீன். நடுவில் நின்ற இராஜகுமாரி, "படம் நல்லாத்தான் இருந்துச்சு. பஸ் போயிரும்" என்றாள்.

முப்பத்துநாலு வருடம் கழித்து, போன மாதம், பஹ்மி தன் கைபேசியில் அந்தப் படத்தை எங்கிருந்தோ இறக்கி வாப்பாவுக்குக் காட்டினான். ஸெய்னுலாப்தீன் இரண்டு தடவை பார்த்தார். சண்டை, சமாதானம், ஈர விறகு, இருமல், சாவு, சுடலை, வணக்கம். ஒழுங்காக, வரிசையாக, ஊரிலுள்ள எல்லா அழுகைப் படங்களையும் போல.

உடனே போய், அந்தக் காலத்தில் தியேட்டருக்குப் படப்பெட்டி சுமந்த ஹலீமைப் பிடித்தார். ஹலீம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"படம் ஒண்டுதான் நானா, தியேட்டர் ரெண்டு. மாத்தளைல ஓடின ரீல நான் பஸ்ஸுல கொண்டு வாறது. அண்டைக்கு அக்குறணைல டயர் போயிட்டு. பன்னெண்டும் பதிமூணும் என்ட மடில. இங்க சனம் கூவுது. ஒபரேட்டர் என்ன செய்ற, முந்தின பஸ்ஸுல மாறி வந்து கைல ஈந்த கடைசி ரீல், பதினாலப் போட்டுட்டான். நான் வந்த பொறகு, போகாம ஈந்த சனத்துக்கு மிச்சத்தையும் காட்டினான். நல்ல மனுசன்."

ஆக, பொன்னையாவின் மேதை ஒரு டயர். ஸெய்னுலாப்தீனின் குழப்படிக்காரனும் அதே டயர்தான். ஆனால் அந்தப் பக்கத்தை ஸெய்னுலாப்தீன் கவனிக்கவில்லை. தரவரிசைக்காரர் கவனிக்கமாட்டார். நேராக ஓடினால் படம் ஒன்பதாவது இடத்துக்குக்கூடப் போதுமோ போதாதோ என்பதும், ஒன்று என்று சொன்ன பொன்னையாவின் முகத்தை இனிப் பார்க்கலாம் என்பதும்தான் அவருக்குத் தெரிந்தது. விரலால் படத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும் வித்தையை மகனிடம் பாடமாகப் படித்துக்கொண்டார்.

ஒரேயொரு சங்கடம். இராஜகுமாரி இறந்து அப்போது இரண்டு மாதம். அதன்பிறகு பொன்னையா தேத்தண்ணிக் கடைப் பக்கமே வரவில்லை. இந்த ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பொஞ்சாதி போய் ரெண்டு மாசம். அந்த மனுசன்ட போய் இதையா செல்லப் போறீங்க?" என்று கேட்டாள் ஸெய்னுலாப்தீனின் மனைவி கைரியா.

"அது வேற, இது வேற" என்றார் ஸெய்னுலாப்தீன், மகனின் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. இந்த இனத்துக்கு எப்போதுமே அது வேறு, இது வேறு.

பொன்னையா நேரத்துக்கே வந்திருந்தார். மெலிந்திருந்தார். ஆறுதானா என்று கேட்கவில்லை. தேத்தண்ணி வந்து ஆறியது. ஸெய்னுலாப்தீனுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது. செத்த வீட்டிலும் அரைமணி நேரம் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத்தான் வந்தார். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்ட நேரத்தில் பொன்னையா பேசினார்.

"நானா, ஈரவிறகு எங்கயாச்சும் கெடைக்குமா? முழுசும் வேணாம். சுடலைக்குக் கொண்டு போனப்புறம் அது திரும்ப வருமே, அந்தக் கடைசிக் கட்டம். வீட்டுல நெருப்பு மூட்டக்குள்ள எல்லாம் அந்த ஞாபகந்தான் வருது. இன்னொருக்கா பாத்துட்டா போதும்."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. இல்லை என்று சொல்லலாம். படத்தை நேராக ஓடவிட்டு, பாருங்கள், அவள் திரும்பி வரவேயில்லை என்று காட்டலாம். முப்பத்துநாலு வருட வழக்கு ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஸெய்னுலாப்தீன் கைபேசியை எடுத்தார். கதிரையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பொன்னையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, படத்தைக் கடைசிக்குத் தள்ளினார். சுடலைக்குக் கொண்டுபோனார்கள். வணக்கம் விழுந்தது. "இந்தா, கொஞ்சம் பொறுங்க, இந்த சாமான் இப்பிடித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு, விரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். இருபத்தெட்டு நிமிடம். ஒரு விரற்கடை.

அவள் வந்தாள். சண்டை பிடித்தாள், சமாதானமானாள், விறகை ஊதினாள். பொன்னையா விரலைப் பார்த்தாரா, திரையை மட்டும்தான் பார்த்தாரா என்பது ஸெய்னுலாப்தீனுக்குத் தெரியவில்லை; அவருடைய கவலை முழுவதும், சிரிப்பு முடிந்து இருமல் தொடங்குவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும் என்பதிலேயே இருந்தது. நிறுத்திவிட்டார். சரியாக, பதிமூன்றாம் சுருள் முடிகிற இடத்தில்.

பொன்னையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க. எத்தனையாவது?" என்றார்.

ஸெய்னுலாப்தீன் யோசித்தார். ஒன்று என்று சொல்லிவிட்டால் துக்கவீட்டு மரியாதை செய்ததாகிவிடும். அதோடு வாதம் தீர்ந்து இந்த மேசையும் முடிந்துவிடும்.

"ஆறு" என்றார்.

"ஆறா?" பொன்னையா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "இதப் பாத்துட்டுமா ஆறு? உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்ல துணி மட்டுந்தான் தெரியுமா? தம்பி, இன்னும் ரெண்டு பிளேன்டீ போடுங்க. இந்த மனுசன இன்னிக்கு விடப் போறதில்ல."

உள்ளே ஒன்பதாக இருந்ததை வெளியே ஆறாகச் சொன்னது ஸெய்னுலாப்தீனுக்கு மட்டும் தெரியும். மூன்று இடம். ஒரு தரவரிசைக்காரர் மூன்று இடத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்கு விளங்காது.

உங்களுக்கு விளங்குகிறதா? இதை வாசித்துக்கொண்டு வரும்போது, ஒன்று அதிகம்தான், ஆனாலும் ஆறு அநியாயம், நியாயமாகப் பார்த்தால் மூன்றாவதாக வரலாம் என்று மனத்துக்குள் எங்காவது ஓர் இடத்தில் தோன்றியதா? ஒரு காட்சிகூடப் பார்க்காத படத்துக்கு இடம் போட்டுவிட்டீர்கள். வாழ்த்துகள். இனி உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எதிர்க் கதிரையில் ஓர் ஆள் வேண்டியிருக்கும். ஏற்கெனவே யாராவது இருந்தால், தயவுசெய்து அவரோடு ஒத்துப்போய்விடாதீர்கள்.