மாமனார் கொடுத்த வாடகை ரசீது

மாமனார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. மரியாதை. வீடு அவருடையது, கட்டில் அவர் வாங்கிப் போட்டது, மழைக்குக் கொண்டுபோகிற குடைகூட மாமியார் எடுத்துக் கொடுப்பது. மரியாதை மட்டும்தான் நம் பெயரில் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். நான் அதை வருமான வரித் துறையிடம் காட்டி லாபம் பார்க்கப் போய்த் தொலைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம், வேலை எர்ணாகுளத்தில். மனைவி ரேவதியின் குடும்பம் பல தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். கல்யாணமான கையோடு அவர்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்துவிட்டேன். மாமனார் வேலாயுதம் கொச்சங்காடியில் மிளகு, சுக்கு வைக்கிற கிடங்குகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொண்டவர். வாடகைக்காரர்களிடம் காட்டுவதற்கென்று அவர் ஒரு தனி முகம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. எனக்கு அவர் காட்டியது எப்போதும் மாப்பிள்ளை முகம்தான்.

அந்த முகத்தால் கிடைத்த சௌகரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி எனக்கு. கல்லிலிருந்து இறங்கும் முதல் தோசை எனக்கு. கரிமீன் பொரித்தால் பெரியது எனக்கு. மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தாலும் நான் கூடத்துக்குள் நுழைந்தால் ரிமோட்டை எழுந்து வந்து என் கையில் கொடுப்பார். (பெற்ற மகளுக்கே இந்தப் பாக்கியம் கிடையாது. ரேவதி இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.)

இப்போது என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வருடா வருடம் 'வாடகை ரசீது, காப்பீட்டு ரசீது அனைத்தையும் உடனே சமர்ப்பிக்கவும்' என்று அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்புகிற ஆள் நான்தான். அனுப்புகிறவன் படித்தாக வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. ஆகவே நான் படித்ததும் இல்லை, எதையும் சமர்ப்பித்ததும் இல்லை. அலுவலகமும் என் சம்பளத்தில் தாராளமாக வரியைப் பிடித்துக்கொண்டது. ஜூலைக் கடைசிக்குள் கணக்கைத் தாக்கல் செய்து அதைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் ஜூலையில் மழை. மட்டாஞ்சேரி மழையில் போர்வைக்குள் படுத்திருக்கும் மனிதன் மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.

"ரிட்டர்ன் கொடுத்தாச்சா மாப்ளே?" என்று அப்போது மாமா ஒருமுறை கேட்டார்.

"அதெல்லாம் முடிஞ்ச மாதிரிதான் மாமா" என்றேன். அந்த 'மாதிரி'யை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

நவம்பரில் பக்கத்து மேசை ஜோபி ஒரு நல்ல செய்தி சொன்னான். தேதி தாண்டினாலும் டிசம்பர் வரைக்கும் தாக்கல் செய்யலாமாம். வீட்டு வாடகை கொடுக்கிற ஆள் என்றால் அதைக் கழித்துக்கொண்டு பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாமாம். (பாதி தெரிந்தவனைவிட ஆபத்தானவன் அவன் சொல்வதை முழுதாக நம்புகிறவன்.) எனக்குப் பொறி தட்டியது. வீட்டுச் செலவுக்கு என்று மாதாமாதம் மாமாவின் வங்கிக் கணக்குக்கு நான் ஒரு தொகை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் இருக்கிறேன், அவருக்குப் பணம் கொடுக்கிறேன். இதற்கு வாடகை என்று பெயர் வைத்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? என் மூளை அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. திரும்பி வரப்போகும் பணத்தில் ரேவதிக்கு ஒரு வாஷிங் மெஷினும் மனசுக்குள் வாங்கியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் தோசையைச் சாப்பிட்ட தெம்பில் மாமாவிடம் போனேன். கையில் நானே அச்சடித்த ரசீதுகள்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து வேணும். அப்படியே உங்க பான் கார்டு நகல் ஒண்ணு."

"என்ன ரசீது மாப்ளே?"

"சும்மாதான் மாமா. மாசாமாசம் அனுப்பறேன் இல்லையா, அதை வாடகைன்னு காட்டினா எனக்கு வரி குறையும்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அது வாடகையாக்கும்?"

"பேருக்குத்தான் மாமா."

"பேருக்குன்னு ஒண்ணு கெடையாது மாப்ளே. ஸ்டாம்ப் ஒட்டி ஒப்பு போட்டா அது வாடகை. நான் இத்தன நாளும் வீட்டுச் செலவுக்குன்னு நெனச்சாக்கும் வாங்கிட்டு இருந்தேன்." ரசீதைத் திருப்பிப் பார்த்தார். "அது வாடகைன்னா, சாப்பாட்டுக்குக் காசு யாரு தந்தது?"

அடுக்களையில் தோசைக்கரண்டிச் சத்தம் நின்றது.

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அவரே கடைக்குப் போய் ரெவன்யூ ஸ்டாம்ப் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக ஒட்டி, பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டார். மாமா பொய் சொல்லாத மனிதர். கையெழுத்துப் போட்ட பிறகு அது பொய்யாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் அன்று சாயங்காலத்திலிருந்தே அதை உண்மையாக்கும் வேலையில் இறங்கிவிட்டார்.

முதலில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் வந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் கேட் திறக்கப்பட மாட்டாது. வெளியாட்களை அறையில் தங்க வைக்கக் கூடாது.

"அப்ப ரேவதி?" என்று கேட்டேன், மடக்கிவிட்டதாக நினைத்து.

"அவ என் மகளாக்கும். நீங்க அவளைத் தங்க வைக்கல. அவதான் உங்களைத் தங்க வச்சிருக்கா."

ரேவதி என் பக்கம் பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முதல் தேதி அறையைப் பார்வையிட வந்தார். கொச்சங்காடிக் கிடங்குகளுக்குக் காட்டிய முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னல் கொக்கியை ஆட்டினார். எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த சுவர் முன் நின்றார்.

"இந்த ஆணி யாரு அடிச்சது?"

"நீங்கதான் மாமா. கல்யாணம் முடிஞ்ச வாரம்."

"அப்போ சரி" என்று கீழே போய்விட்டார்.

மாமியார் நல்லவர். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு நியாயமான ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. "ஏங்க, வாடகைக்காரங்களுக்கு மொதல் தோசை கொடுக்கற வழக்கம் உண்டா?" என்று மாமாவிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. மறுநாளிலிருந்து முதல் தோசை மாமாவுக்கு, இரண்டாவது என் மகள் தேவிகாவுக்கு, மூன்றாவது ரேவதிக்கு. எனக்கு வருவதற்குள் சட்னி தீர்ந்திருக்கும். கரிமீன் வாலளவுக்குச் சுருங்கியது. விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி ஒப்பந்தத்தில் இல்லை என்பதால் மாமா அதில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளுக்குள் எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆனால் பொறுத்துக்கொண்டேன். பணம் மட்டும் திரும்பி வரட்டும், வாஷிங் மெஷினைக் கூடத்தில் இறக்கிவிட்டு, எல்லார் முன்னாலும் ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு, மறுபடி மாப்பிள்ளையாகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மாமாவின் வரிக் கணக்கை ஷைலா என்ற ஆலோசகர்தான் வருடா வருடம் பார்ப்பார். கடைத்தெருவில் ஒரு மாடியில் அலுவலகம். டிசம்பர் பாதியில் என் கோப்போடு அங்கே போனேன். வீட்டுக்காரர் என்ற முறையில் மாமாவும் கூட வந்தார். ரசீது, ஒப்பந்தம், பான் நகல், காப்பீடு, நன்கொடை என்று ஒவ்வொன்றாகப் புரட்டிய ஷைலாவுக்கே என் ஒழுங்கைப் பார்த்து ஆச்சரியம்.

"எல்லாம் கரெக்டா வச்சிட்டுண்டல்லோ சாரே. ஜூலையில ஃபைல் செய்தப்போ இதெல்லாம் ஏன் காட்டல?"

"ஜூலையில... ஃபைல் செய்யல."

மாமா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "முடிஞ்ச மாதிரின்னு சொன்னீங்களே மாப்ளே?"

ஷைலா கோப்பை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். "அப்போ இதொண்ணும் வேண்டா சாரே. டேட் கழிஞ்சு வந்தா புதிய முறை மட்டும்தான். அதுல வாடகை இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, டொனேஷன் இல்ல, ஒண்ணும் கழிக்க முடியாது. பழைய முறை வேணும்னா ஜூலைக்குள்ள வந்திருக்கணும்."

"அப்ப ரீஃபண்ட்?"

"ரீஃபண்டோ? லேட் ஃபீஸ் ஐயாயிரம் நீங்கதான் சர்க்காருக்கு அங்கோட்டு கெட்டணும்." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "இதெல்லாம் கம்பெனியில மெயில் அனுப்பியிருப்பாங்களே சாரே. யாரும் அனுப்பலயா?" என்றார்.

அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவனுடைய பெயர், பதவி, கைபேசி எண் எல்லாம் அதன் அடியில் இருந்தது.

போனது போகட்டும், மானத்தையாவது மீட்கலாம் என்று மாமாவிடம் திரும்பினேன். "சரி மாமா. ரசீதுக்கு வேலையே இல்லாம போச்சு. இனிமே அது வாடகையே இல்லன்னு வச்சுக்கலாம். பழையபடி வீட்டுச் செலவு."

மாமா ஷைலாவைப் பார்த்தார். ஷைலாதான் தொண்டையைச் செருமினார். "அது முடியாது சாரே. அங்கிள் போன வாரமே வந்து திருத்தின ரிட்டர்ன் கொடுத்தாச்சு. உங்க வாடகைய அவரோட வருமானத்துல காட்டி, அதுக்கு டாக்ஸும் கெட்டியாச்சு."

எந்த வாடகையைக் காட்டி நான் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்க முடியாதோ, அதே வாடகைக்கு மாமனார் ரொக்கமாக வரி கட்டியிருக்கிறார். வரி குறைக்கக் கிளம்பியவன் அபராதமும் கட்டி, பெண் கொடுத்த மனிதரையும் வரி கட்ட வைத்துவிட்டேன். வெட்கத்தில் அந்த மாடியிலிருந்து படி வழியாக இறங்காமல் ஜன்னல் வழியாகவே இறங்கிவிடலாமா என்று தோன்றியது.

"அந்த டாக்ஸை நான் கொடுத்துடறேன் மாமா" என்றேன், படி இறங்கும்போது.

"வேண்டாம். வீட்டுக்காரன் டாக்ஸை வீட்டுக்காரன்தான் கட்டணும்."

கீழே சாயாக் கடையில் எனக்கும் ஒரு சாயா சொன்னார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கோபம் தணிந்துவிட்டது, மாப்பிள்ளை முகம் திரும்பி வருகிறது என்று நினைத்தேன். சாயாவை நீட்டிய கடைக்காரரிடம் மாமா, "இது நம்ம வாடகைக்காரராக்கும்" என்று என்னை அறிமுகம் செய்தார். அந்தக் கடைக்காரர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

"இதுக்கு ஒரு முடிவே இல்லையா மாமா?"

"சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தாச்சு மாப்ளே. இனி மாத்திச் சொன்னா நான் கள்ளனாயிடுவேன்" என்றார். சொல்லும்போது அவர் மீசை லேசாக ஆடியதை நான் பார்த்தேன். ஆனால் நிரூபிக்க முடியாது.

வாஷிங் மெஷின் அடுத்த மாதமே வந்தது. மாமாதான் வாங்கினார். 'வீட்டுக்காரர் செய்து கொடுத்த வசதி' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்தார். இப்போதெல்லாம் ஜூன் மாதமே என் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, அத்தாட்சியை அச்சடித்து மாமாவிடம் காட்டிவிடுகிறேன். பயனில்லை. கும்பளங்கியில் ரேவதியின் சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனால், இலை போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் மாமாவிடம், "வாடகை ஒழுங்கா வருதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். "தேதி மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும்" என்பார் மாமா. இலைகள் குலுங்கும் அளவுக்குச் சிரிப்பார்கள்.

போன மாதம் ஏதோ கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வாசலில் இருந்தவள் ஏழு வயது தேவிகா. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மோளே, இது சொந்த வீடோ, வாடகை வீடோ?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"அம்மாக்கு சொந்தம். அப்பாக்கு வாடகை" என்றாள் தேவிகா.

அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கூடத்திலிருந்து வந்துவிட்டார். நான் அவரைக் கெஞ்சலாகப் பார்த்தேன். மாமா பேத்தியின் தலையில் கை வைத்தார்.

"பிள்ளை சொன்னது சரியாக்கும், எழுதிக்கோ மோளே" என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சாப்பாடு ஃப்ரீன்னும் சேர்த்து எழுதிக்கோ" என்றார்.