வெல்மின்ஸ்டருக்கு நான் கடல் கொண்டுவந்த கதை

‘தெரியாது’ என்ற சொல்லில் நான்கே எழுத்துகள். குழந்தைகூடச் சொல்லிவிடும். இருபத்தாறு வயதில், இரண்டு பட்டங்கள் வாங்கிய பிறகு, எனக்கு அது வாயில் வரவில்லை. வராததால், இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஒரு பழைய தேவாலய நகரத்தை நானே இழுத்துக்கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்தேன். (ஊரின் பெயரை மாற்றி வெல்மின்ஸ்டர் என்று எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம்.)

அறுபதுகளின் பிற்பகுதி. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊரில் தங்கி, சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வெயில் பட்டாலும் துணியில் சாயம் வெளுக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பது என் ஆராய்ச்சி. என் வழிகாட்டி பேராசிரியர் ஹாக். உயரமானவர், நேர்மையானவர், அதிகம் சிரிக்காதவர். அந்த ஊருக்கும் வெல்மின்ஸ்டருக்கும் நட்பு ஒப்பந்தம் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனியாவது நாம் ஒருவருக்கொருவர் கேக் கொடுத்துக்கொள்வோம் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள். அந்தக் குழுவின் தலைவரும் பேராசிரியர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் காபிக்கு அழைத்திருந்தார். என் உதவித்தொகையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். அந்தப் படிவம் அவர் மேஜையில் மூன்று வாரமாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: “நீங்கள் இங்கிலாந்து வழியாகத்தானே வந்தீர்கள்? வெல்மின்ஸ்டர் தெரியுமா?”

உண்மை என்னவென்றால், என் ரயில் வெல்மின்ஸ்டரில் நான்கு நிமிடம் நின்றது. நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

“நன்றாகத் தெரியும்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான் அவரிடம் அதற்கு முன் பார்க்காத மலர்ச்சி. “அப்படியானால் எங்கள் மக்களுக்கு அந்த நகரத்தின் வரலாற்றைப் பற்றி நீங்கள் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். வெல்மின்ஸ்டர்காரர்கள் வரும்போது மொழிபெயர்ப்பும் நீங்களே” என்றார். இரண்டாவது துண்டு கேக்கையும் என் தட்டில் வைத்தார். மறுக்க வாய் இருந்தது. அதில் கேக் இருந்தது.

மறுநாள் ஊர் நூலகத்துக்கு ஓடினேன். இங்கிலாந்தின் தேவாலய நகரங்கள், கடற்கரை ஊர்கள் பற்றி அங்கே ஒரே ஒரு புத்தகம் இருந்தது. தடித்த அட்டை போட்ட சிறிய புத்தகம், அகர வரிசையில் ஊர்கள், எல்லாம் பழைய ஜெர்மன் கொக்கி எழுத்தில். (ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கும்.) பதினைந்து நாள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். வெல்மின்ஸ்டர் ஆயர் (பிஷப்), அவர் கட்டிய கோபுரம், துறவிகளின் மடம், எல்லாம் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் வரை. அந்தப் பக்கத்தின் கடைசி வரி, ‘இந்நகர மக்கள் பல நூற்றாண்டுகளாக’ என்று முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். ‘ஹெர்ரிங் மீன் பிடித்து வாழ்ந்து வந்தனர்’ என்று தொடங்கியது. (ஹெர்ரிங் நம்மூர் மத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.) அடுத்து கலங்கரை விளக்கம், கடத்தல்காரர்கள், கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலம், குளிக்க வரும் சீமான்கள். அத்தனையையும் குறிப்பெடுத்தேன். ஆயரும் மீனும் ஒரே ஊரில் இருப்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம் நாகப்பட்டினம் பக்கம் கோயிலும் கடலும் சேர்ந்தே இல்லையா?

சொற்பொழிவுக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். நெக்கர்க்கரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ஒரு மயக்கம். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “அலை எவ்வளவு உயரம் வரும்?” என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை. “குளிர்காலத்தில் தேவாலயப் படிக்கட்டை வந்து தொடும்” என்றேன். அரங்கமே பெருமூச்சு விட்டது. எங்கள் மேயர் ஷ்னைட்லர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு ஊர் என் கையை விட்டுப் போய்விட்டது. தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு மாலுமிப் பாடல்களைப் பழகியது. பள்ளிக் குழந்தைகளுக்கு நீலக் காலர் வைத்த மாலுமிச் சட்டை தைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் பிரெட்சல் என்ற முறுக்கு ரொட்டியை நங்கூர வடிவத்தில் சுட்டார். மேயர் ஹாம்பர்க்கிலிருந்து, விருந்தினருக்குப் பரிசாக, பழைய பித்தளைக் கப்பல் விளக்கு ஒன்றை வரவழைத்தார். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

விருந்தினர் ஞாயிறு மதியம் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சிவலிங்கம் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தில் தொழில் படித்துவிட்டு ஸ்டுட்கார்ட்டில் ஒரு பட்டறையில் பொறியாளராக இருந்தார். என் அறையில் சோறு ஆக்கிச் சாப்பிட மாதம் ஒருமுறை வருவார். வந்தவர் கையில் ஒரு நங்கூர பிரெட்சல் இருந்தது.

“என்ன தம்பி, உங்கடை ஊருக்குக் கப்பல் ஏதும் வருகுதோ?”

“இல்லண்ணே, வெல்மின்ஸ்டர்காரங்க வர்றாங்க. துறைமுகத்து ஆளுங்க இல்லையா, அதான் இந்த டெகரேஷன் எல்லாம்.”

“எந்தத் துறைமுகம்?”

“வெல்மின்ஸ்டர் துறைமுகம்.”

அண்ணை பிரெட்சலைத் தட்டில் வைத்தார். “நான் அங்கை ஒரு வருசம் இருந்தனான். கடலைப் பாக்கோணுமெண்டால் பஸ்ஸிலை மூண்டு மணித்தியாலம் போகோணும். ஒரு ஆறு இருக்கு. அதிலை வாத்து நடந்து போகும்.”

“நடந்தா?”

“ஓம். நீந்திற அளவுக்குத் தண்ணியில்லை.”

புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் பொறியாளர், வரியைப் படிக்கவில்லை, பக்க எண்ணைப் பார்த்தார். நூற்றுப் பதின்மூன்று, அதை அடுத்து நூற்றுப் பதினாறு. நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. கொதிக்கிற சோற்றுப் பானையின் ஆவியில் காட்டி, கத்தியால் மெதுவாகப் பிரித்தார். யாரோ ஒரு புண்ணியவான் பழ ஜாம் தின்றுகொண்டே படித்திருக்கிறார். உள்ளே, தலைப்பு எழுத்தில், ‘வெல்மவுத்: கடற்கரை ஊர்’ என்று இருந்தது.

“உந்த ஆயர் இவ்வளவு காலமும் மீன் பிடிக்கப் போனவரோ?” என்றார் அண்ணை.

“ப்ரொஃபசர்கிட்டப் போய்ச் சொல்லிடவா?”

“இப்பவே போய்ச் சொல்லும். பிந்தினால் ஏலாது.”

ஓடினேன். பேராசிரியர் தன் வீட்டு வாசலில் ஏணி மேல் நின்று, மீன் படம் போட்ட தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஹெர் ஷண்முகம். ஏணியைப் பிடியுங்கள். உங்கள் படிவம் நினைவிருக்கிறது. விழா முடியட்டும், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். நான் ஏணியைப் பிடித்தேன். தோரணம் கட்டி முடியும்வரை பிடித்தேன். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

“சொன்னனீரோ?” என்று கேட்டார் அண்ணை.

“ஏணியைப் பிடிச்சேன்.”

“அப்ப நாளைக்கு நானும் வாறன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு ஆங்கிலேயர்கள் இறங்கினார்கள். வாத்தியக் குழு மாலுமிப் பாட்டை முழங்கியது. குழந்தைகள் கைத்துடுப்பை உயர்த்தி வளைவு அமைத்தார்கள். விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, துடுப்புகளுக்கு அடியில் குனிந்து நடந்தார்கள். அவர்கள் மேயர் மிஸ்டர் பாட்ஸ், மெலிந்த மனிதர், என் காதருகே கேட்டார்: “இந்த ஊரில் படகுப் போட்டி பிரபலமோ?”

“மிகவும்” என்றேன்.

நகர மன்றத்தில் எங்கள் மேயர் பேசினார். “கடலின் மைந்தர்களே” என்று தொடங்கினார். “நண்பர்களே” என்று மொழிபெயர்த்தேன். புயலையும் அலையையும் ஆழத்தையும் பற்றி அவர் ஐந்து நிமிடம் பேசியதை, “உங்களைக் கண்டதில் மகிழ்ச்சி, வாழ்க்கை கடினமானது” என்று முடித்தேன். ஆங்கிலம் எவ்வளவு சிக்கனமான மொழி என்று அவர் வியந்தார். கப்பல் விளக்கைக் கொடுத்தபோது, “இது நட்பின் ஒளிக்கு அடையாளம்” என்றேன். மிஸ்டர் பாட்ஸ் உருகிப்போனார். பின்வரிசையில் அண்ணை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

விருந்து தொடங்கியது. அவர்களுக்காகவே விசேஷமாக ஊறவைத்த ஹெர்ரிங். இரண்டு மேயர்களுக்கும் நடுவில் நான். எதிரில் பேராசிரியர். மிஸ்டர் பாட்ஸின் மறுபக்கம் மிஸ் டிரிம்பிள் என்ற வயதான அம்மாள். அவர்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் மேயர் மீனைக் கத்தியால் தொட்டுக் கேட்டார்: “இந்த வருடம் உங்கள் ஊரில் ஹெர்ரிங் வரத்து எப்படி?”

நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: “உங்கள் தேவாலயத்துக்கு இப்போதெல்லாம் கூட்டம் வருகிறதா?”

மிஸ்டர் பாட்ஸ் வருத்தமாகத் தலையசைத்தார். “வருடத்துக்கு வருடம் குறைகிறது. வருவதும் எல்லாம் வயதானவைதான். இளசுகளைக் காணவே முடியவில்லை.”

ஒரு சொல்லையும் மாற்றாமல் ஜெர்மனில் சொன்னேன். அன்று முதல் தடவையாக மனச்சாட்சி லேசானது.

எங்கள் மேயர் கவலையாகிவிட்டார். “குளிர்காலத்தில்?”

“குளிர்காலத்தில் இன்னும் மோசம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மொத்தமாக வரும்.”

“ஆச்சரியம்” என்றார் மேயர். “பெரிய வலையாகப் போட்டுப் பார்த்தீர்களா?”

“வேறு வழி ஏதாவது முயன்றீர்களா என்று கேட்கிறார்” என்றேன்.

மிஸ்டர் பாட்ஸ் உற்சாகமாக நிமிர்ந்தார். “முயன்றோம். போன வருடம் கிதார் வாசித்துப் பார்த்தோம்.”

இங்கேதான் விதி விளையாடியது. எங்கள் மேயருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கிதாருக்கு ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அது அவர் காதில் விழுந்துவிட்டது. கையால் வாசித்தும் காட்டினார்; மிஸ்டர் பாட்ஸ் ஆமாம் என்று தலையாட்டினார்.

“கிதாரா?” என்றார் எங்கள் மேயர் என்னிடம். “ஹெர்ரிங்குக்கா?”

எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளும் தெரியாத பல மொழிகளும் அந்த நிமிடம் என்னை விட்டுப் போயின. அப்போது மிஸ் டிரிம்பிள் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நிதானமான, பள்ளிக்கூடத்து ஜெர்மனில் பேசினார்.

“மேயர் அவர்களே, நீங்கள் மீனைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்கள் மேயர் தேவாலயத்துக்கு வருபவர்களைப் பற்றிச் சொல்கிறார். எங்கள் ஊரில் கடல் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த இளைஞர் எதுவரை போவார் என்று பார்க்க ஆசையாக இருந்தது, மன்னியுங்கள்.”

வெயிலிலும் வெளுக்காத சாயத்தைத் தேடிப்போனவனின் சாயம், ஊரே பார்க்க, ஒரே வாக்கியத்தில் வெளுத்தது.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலில் தூங்கியது, புத்தகம், ஜாம், ஏணி. என் ஜெர்மன் இலக்கணம் அன்று அடியோடு உடைந்தது. முடித்து உட்காரப் போனபோது, மிஸ்டர் பாட்ஸ் என் சட்டைக்கையை இழுத்தார். “என்ன சொன்னீர்கள்? எங்களுக்கு ஒன்றும் புரியவில்லையே.”

மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்தான். என் மானம் போன கதையை மறுபடி முதலிலிருந்து ஆங்கிலத்தில் நானே சொன்னேன். அன்று நான் ஒன்றையும் சுருக்காமல் செய்த நீளமான மொழிபெயர்ப்பு அதுதான்.

மிஸ்டர் பாட்ஸ் நெடுநேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: “அப்படியானால், அந்த விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.”

அதையும் மொழிபெயர்த்தேன். எங்கள் மேயர் முகம் முதலில் சிவந்தது, பிறகு குலுங்கியது, பிறகு அவர் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஒப்பந்தத்தில் அன்று மாலையே கையெழுத்தானது. எதிரில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஹெர்ரிங்கை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் ஹாக் என் ஆய்வுக் குறிப்பேடுகள் அத்தனையையும் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். பதினொரு நோட்டுகள். ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் திருப்பினார். பக்க எண்ணை உரக்கப் படித்தார். மூன்று நாள் இப்படி. நான் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். புதன்கிழமை கடைசித் தாளையும் திருப்பிவிட்டு, படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன்” என்றார். அவ்வளவுதான்.

நான் பிறகு இந்த நாட்டிலேயே தங்கிவிட்டேன். இந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் எழுபதுகளில் எனக்குக் கல்யாணமாகி மனைவி ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கிய முதல் வாரமே, சிவலிங்கம் அண்ணை விருந்துக்கு வந்து, நடித்தும் காட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நடக்காவிட்டாலும் மருந்து ஒன்றுதான். பால் உறையவில்லையா, விசா வரவில்லையா, மகளுக்குக் கணக்குப் புரியவில்லையா, “கிதார் வாசிச்சுப் பாத்தீங்களா?” ஜெர்மன்காரரான என் மருமகனுக்குத் தமிழில் நான்கு வாக்கியம் தெரியும், அதில் இது ஒன்று.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, கார் கிளம்பவில்லை. மூன்று தடவை சாவியைத் திருப்பினேன். பின்சீட்டில் பேத்தி. தமிழில் தடுமாறுபவள், இதை மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் கேட்டாள்: “தாத்தா, கிதார் வாசிச்சுப் பாத்தியா?”

என் மனைவி சிரிப்பதற்கு வசதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.