ஒன்றுதானே முதல் ரேங்க்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், சுவர்க் கடிகாரத்தைத் தவிர.

பள்ளியில் தனித்திறன் உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு தொடங்குகிறார்கள். அதற்காகப் பெற்றோரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளையைப் பற்றிய ஒவ்வொரு வரிக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். மகளை எப்படியாவது அதில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்குத் துடிப்பு. "ஏன், எதற்கு என்று ஓயாமல் கேட்பாள்" என்பது முதல் வரி. ஒன்று போட்டேன். ஒன்றுதானே முதல் ரேங்க்! "பொருள்கள் இயங்கும் விதத்தை ஆராய்வாள்" என்ற வரி வந்ததும் குதித்தேன். அந்த வாரம்தான் கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள், நான் கைதட்டிக்கூடப் பாராட்டியிருந்தேன். "அத விடுங்க, அடுத்ததுக்குப் போங்க" என்றாள் என் மனைவி. தன்னடக்கம் என்று நினைத்து அதற்கும் ஒன்று. கடைசி வரிவரை ஒன்றைவிட்டு நான் இறங்கவே இல்லை.

மறுநாளே டீச்சர் கூப்பிட்டனுப்பினார். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "பாப்பா வீட்ல பேசுவாளா சார்?" என்றார்.

"நிறுத்துறதுக்கு வழி இருந்தா சொல்லுங்க டீச்சர்" என்றாள் இவள்.

பக்கத்தில் நின்ற மகள் தாளின் உச்சியைத் தொட்டுக் காட்டினாள். "மேலயே போட்டிருக்கு பாருங்கப்பா. ஒண்ணுன்னா 'ஒருபோதும் இல்லை'யாம்."

அக்கா, நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன்! டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

புதுத் தாளில் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். "பிறர் மனம் அறிந்து நடப்பாள்" என்பதற்கு மட்டும் இரண்டு. வீட்டுக்கு வந்த என் மேனேஜரிடம், "அப்பா தூக்கத்துல திட்டுற அங்கிள் நீங்கதானா?" என்று கேட்டவளுக்கு வேறென்ன போடுவது? ஆனாலும் கடிகாரக் கதையைக் கேட்டு அசந்துபோன டீச்சர் இடம் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்பார்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இவள் வாய் திறந்தாள். "கடிகாரத்தப் பிரிச்சது நான்தாங்க. பேட்டரி மாத்தப் போனேன், எல்லாம் கையோட வந்துடுச்சு. அவ மாட்டித் தரேன்னு உக்காந்தா, அதுக்குள்ள நீங்க வந்து கைதட்டிட்டீங்க." மகளைக் கூப்பிட்டு, "நீயாவது சொல்லக் கூடாதா?" என்றேன். "நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா. எப்படிச் சொல்றது?" என்றாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தி வை. காலையில் டீச்சரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டை ஐந்தாக்கிவிட்டு வருகிறேன்.