பெட்டிக்கு ராசா

சாய்ந்தமருதில் நான் குடியிருக்கும் வீடு என் மனைவி நதீராவின் சீதனம். கிணறு அவளுடைய வாப்பா வெட்டியது. கட்டில், கதிரை, கோழிக்கூடு எல்லாம் அவளுடையவை. எங்கள் ஊர் வழக்கத்தில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளைதான் பெட்டியோடு போவான், நானும் போனேன். அந்த வீட்டில் நான் வாங்கி வைத்த ஒரே பொருள் கொம்பியூட்டர். ஆகவே சபதம் எடுத்தேன்: இதற்காவது நானே ராசா!

கொழும்பில் ஏதோ கம்பெனிக் கந்தோர் கழித்துவிட்ட பெட்டி அது. அதில் புதிதாக எதையும் ஏற்றுவதென்றால் 'நிர்வாகி' என்று பதிந்தவர்தான் ஏற்றலாம். மற்றவர் கைவைத்தால், அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். நிர்வாகி யார்? அடியேன்.

"மச்சான், டைப் பழகிற புளொப்பி ஒண்டு இரிக்கி. ஏத்தித் தாங்களன்" என்றாள் நதீரா.

"வேணாம் புள்ள. வைரஸ் வரும்."

"ஒங்கட கிரிக்கட் கேம் ஏத்தக்குள்ள வரல்லயே?"

"அது நான் ஏத்தின."

"அப்ப வைரஸ் ஆம்புள பொம்புள பாத்துத்தான் வருமாக்கும்?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். வாதாடும் நதீராவைச் சமாளிக்கலாம். வாதாடாத நதீரா ஆபத்து.

அன்று பிடித்தது சந்தேகம். கடையைப் பூட்டி வந்ததும் மொனிட்டரின் முதுகைத் தொடுவேன். சுடும்.

"வெயில் மச்சான்" என்பாள்.

அடைமழையிலும் சுட்டது! பாஸ்வேட்டை மாற்றினேன். மறுகாவும் சந்தேகம், மறுகாவும் மாற்றினேன். அவள் அடுக்களையில் தேங்காய் துருவும் நேரம் பார்த்து, கதவைச் சாத்தி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். இதைவிடப் பாதுகாப்பு வங்கியிலும் இல்லை.

இப்படியிருக்க, பக்கத்து வீட்டு இப்றாஹிம் காக்காவின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழைத் தமிழில் நானே அடித்துத் தருவதாகப் பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேருக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன். காக்கா வந்து பக்கத்தில் குந்தினார். தமிழ் எழுத்துப் புளொப்பியைப் போட்டேன். தட்டினேன். திரையில் இங்கிலீசில் வந்ததை உரத்து வாசித்துத் தமிழும் சொன்னேன்: "அனுமதி இல்லை. நிர்வாகியைக் கேட்கவும்."

"நீதானேடா நிர்வாகி?"

"ஓம் காக்கா."

"அப்ப ஒன்னட்டயே கேளன்."

நிறுத்தி மறுபடி போட்டேன். மூடியைக் கழற்றி ஊதினேன். புளொப்பியைச் சந்தேகித்தேன். கொழும்பு வியாபாரியைச் சந்தேகித்தேன். காக்காவையும் கொஞ்சம் சந்தேகித்தேன். அப்போதுதான் அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது காதில் பட்டது.

"புள்ள! இதத் தொட்டயா நீ?"

"நிர்வாகி தொடாம ஆரு தொடுற?"

"நான்தான் நிர்வாகி!"

"போன கிழம வரைக்கும். இப்ப நீங்க விருந்தாளி. கிரிக்கட் விளையாடலாம், ஒண்டும் ஏத்த ஏலா."

"என்ட பாஸ்வேட் ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஓதப்பள்ளியில சத்தம் போட்டு ஓதிப் பழகின ஆள் நீங்க. ஒவ்வொரு எழுத்தையும் ஓதி ஓதித்தானே அடிக்கிற! அடுக்களைக்கு என்ன, பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

காக்கா தலையைக் குனிந்தார். "எனக்கும் கேட்டதுதான்டா."

"ஏத்தித் தா புள்ள. ஊருக்குள்ள என்ட மானம் போகப் போகுது."

"ஏத்துறன். கார்டையும் நானே அடிக்கிறன். டைப் எல்லாம் பழகி முடிஞ்சி. ஆனா ஆரும் கேட்டா, நதீரா அடிச்ச எண்டு சொல்லணும். அதே பள்ளிவாசல் முத்தத்தில. சரியா?"

"அது வந்து புள்ள..."

"அப்ப நிர்வாகிக்கு வேல இரிக்கி. தேங்கா பாதியில கிடக்கு."

"சரி, சரி! சொல்றன்!"

"காக்கா, நீங்க சாட்சி."

பத்து விரலும் மழைபோல் விழுந்தன. பெட்டியோடு வந்த பிரிண்டரில் கார்டு அழகாக வந்தது. காக்கா அதை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே போனார். நதீரா பாஸ்வேட்டை மாற்ற உட்கார்ந்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சையடக்கிக் காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு முன்னால் வந்து, அவள் வாயையே உற்றுப் பார்த்தேன்.

உதடு அசையவேயில்லை.