நகர்ந்துகொண்டே போன வயிற்றுவலி

மச்சான் வீடு மாற்றுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆனால் தேக்கு பீரோ உண்டு. இதைக் கேட்ட மறுநிமிஷமே கடிகாரக்காரர் தனக்கு வயிற்றுவலி வருவதென்று தீர்மானித்துவிட்டார்.

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் அவர். தொழிலில் அவர் தூக்குகிற பெரிய பாரமே பெரிய முள்தான். அப்பேர்ப்பட்ட மனிதரைப் போய் பீரோ தூக்கச் சொன்னால்?

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டியும் முட்டையும் வயிறு முட்ட உள்ளே போனதும், சோபாவில் சுருண்டு முனகினார். விடைத்தாளும் சிவப்புப் பேனாவுமாக மனைவி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞான டீச்சர்.

"எங்க வலிக்குது?"

"இதோ, தொப்புள்கிட்ட. சாப்பிட்டது ஒத்துக்கல போலிருக்கு."

"அது சிறுகுடல். நீங்க தின்ன ரொட்டி இன்னும் இரைப்பையை விட்டே கிளம்பல. அங்க அமிலத்துல ஊறி, கடையப்பட்டு, கூழாகி, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். வந்து சேராத ரொட்டி எப்படி வலிக்கும்?"

"அப்போ நேத்து ராத்திரி சாப்பிட்டதா இருக்கும்."

"அதுல இருந்த சத்தையெல்லாம் சிறுகுடல் உறிஞ்சி ரத்தத்துல சேர்த்தாச்சு. மிச்சம் வெறும் சக்கை. பெருங்குடல் அதுல தண்ணியை வடிச்சுக்கிட்டிருக்கும்."

"ஆங், பெருங்குடல்!" பெயரே கௌரவமாகப் பட்டது அவருக்கு. விரல் வலப்பக்க அடிவயிற்றுக்குத் தாவியது. "இங்கதான்! உயிர் போகுது!"

டீச்சரின் முகம் மாறியது. பேனாவை மூடினாள்.

"தொப்புள்ல ஆரம்பிச்சு, அங்க வந்துச்சா?"

"ஆமா, ஆமா! அப்படியே வந்துச்சு!"

"ஐயையோ, குடல்வால்! அசையாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். அது வெடிக்கிறதுக்குள்ள வயித்தைக் கிழிச்சு எடுத்துடணும்."

வலியே இல்லாத வயிற்றில் இப்போது நிஜமாகவே புளி கரைந்தது. அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"இரு, இரு! வலி மேல ஏறிடுச்சு!"

"உள்ள போனது கீழதான் இறங்கும். மேல ஏறினா அதுக்குப் பேரு வாந்தி."

"வலியே இல்லம்மா! பாரு!" எழுந்து குதித்துக் காட்டினார். அவர் நின்ற பிறகும் தொப்பை குதித்துக்கொண்டிருந்தது.

"நிஜமாவா?" அவள் போனை இறக்கினாள். "அப்பாடா, என் வயித்துல பாலை வார்த்தீங்க!"

வார்த்த பாலில் பாதி அவர் வயிற்றிலும் விழுந்தது. கத்தி இல்லை, ஊசி இல்லை, தையல் இல்லை. ரொட்டி தன்பாட்டுக்குக் கூழாகிக்கொண்டிருக்கிறது, அது போதும். தன் குடல் இவ்வளவு நல்ல குடல் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று உருகிப்போனார். செருப்பைத் தேடியவரும் அவர்தான்.

"கிளம்பு, கிளம்பு. பாவம், உன் தம்பி தனியாத் தவிப்பான்."

படிக்குப் படி முதுகு முறிந்தது. ஆனாலும் பீரோ என்னவோ பஞ்சாகத்தான் தெரிந்தது. உயிரோடு, தையல் போடாத வயிற்றோடு மூச்சு வாங்குவதே ஒரு சுகம். மூன்றாவது மாடியில் அதை இறக்கி வைத்ததும் மச்சான் தண்ணீர் கொடுத்தான்.

"வயித்துவலி இப்போ பரவாயில்லையா மாமா?"

"அது உனக்கு எப்படிடா தெரியும்?"

"அக்கா நேத்து சாயங்காலமே போன் பண்ணிச்சே! 'காலையில மாமாவுக்கு வயித்துவலி வரும், நான் சரிபண்ணிக் கூட்டிட்டு வந்துடறேன், பீரோவுக்கு வேற ஆள் சொல்லாதே'ன்னு."