பச்சை விழுந்தால் போதும்

செல்லுபடிக்காரர் என்றோர் இனம் யாழ்ப்பாணத்தில் இப்போது நன்றாகப் பெருகிவிட்டது. அடையாளம் காண்பது சுலபம். ஒரு பார்சலைக் கையில் கொடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். முத்திரை நேராக ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

உடுவில் வாகீசனை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஒரு கணினிக் கம்பனியில் வேலை. மற்றவர்கள் நிரப்பும் பெட்டிகளுக்கு விதி எழுதுவதுதான் அவன் தொழில். அதிலும் இணைய முகவரிப் பெட்டி என்றால் அவனுக்கு உயிர். தொடக்கத்தில் எச்.ரீ.ரீ.பி.எஸ் இருக்க வேண்டும், பிறகு முக்காற்புள்ளி, அதன்பின் இரண்டு சாய்கோடு, நடுவில் இடைவெளி கூடாது, பாதி முகவரி கூடாது, ஆங்கில எழுத்தைத் தவிர வேறெந்த மொழியின் எழுத்தும் கூடாது; எல்லாம் பொருந்தினால் பெட்டி பச்சையாகும், ஒரு புள்ளி பிசகினாலும் சிவந்துவிடும். பெட்டி சிவக்கும்போது வாகீசனின் முகம் மலர்வதை நீங்கள் பார்க்க வேண்டும்.

அவனுடைய ஒரே தங்கை கோபிகாவுக்குக் கலியாணம் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பிராசா மாமாவுக்கு இதய வருத்தம். விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர்மார் மறித்துவிட்டார்கள். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்குத் தகப்பனாக நின்றவர் அவர். தாலி ஏறும் அந்த நேரத்திலேயே தன் அண்ணனான அவர் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது தாய் ஞானாம்பிகையின் ஒரே ஆசை. அதற்காகவே வாகீசன் கலியாணத்துக்கென்று ஓர் இணையப் பக்கம் செய்தான். நேரலை முகவரிக்கு அதில் ஒரு பெட்டியும் வைத்தான். பெட்டிக்கு விதி வைக்காமல் விடுவானா?

கலியாணத்தன்று காலை வீடியோக்காரன் எமில்ராஜ் குருநகரிலிருந்து மண்டபத்துக்கு வந்து, முகவரியைக் கொடுத்தான். பெட்டி சிவந்தது.

“தம்பி, உதிலை தமிழ் எழுத்துக் கிடக்கு. விதி விடாது.”

“கோபிகா, பார்த்தீபன் எண்டு பொம்பிளை மாப்பிள்ளையின்ரை பேர்தானே அண்ணை. திறந்து பாருங்கோ, வேலை செய்யுது.”

“வேலை செய்யிறது வேறை, செல்லுபடியாகிறது வேறை.”

இப்படிச் சொல்லும் ஒருவன் தன் வீட்டுப் படலையில் தூய தமிழில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருக்கிறான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். “இங்கிலிஸ் எழுத்திலை பழைய முகவரி ஒண்டு கிடக்கு. இந்தாங்கோ, இதைப் போடுங்கோ. நான் கமராவை இதுக்கு மாத்திவிடுறன்.”

பச்சை. வாகீசன் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் மாப்பிள்ளையை அழைத்துவரும் மேளம் கேட்டது. எமில்ராஜ் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான், ஓடிய ஓட்டத்தில் மாற்றுவதை மறந்துபோனான்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. சனம் முண்டியடித்து அறுகரிசி போட்டு வாழ்த்தியது. சற்று நேரத்தில் ஞானாம்பிகையின் கைப்பேசி அடித்தது. தம்பிராசா மாமாதான்.

“தங்கச்சி, அறுகரிசியைக் கையிலை வைச்சுக்கொண்டு ரீவிக்கு முன்னாலை நிக்கிறன். இஞ்சை ஒரு பாதர் குழந்தைப்பிள்ளையின்ரை தலையிலை தண்ணி ஊத்துறார். எங்கடை பிள்ளை எப்ப வருவாள்?”

போன ஞாயிற்றுக்கிழமை குருநகர்த் தேவாலயத்தில் எமில்ராஜ் படம்பிடித்து அந்தப் பழைய முகவரியில் ஏற்றிய ஞானஸ்நானம் அது. தாலி ஏறிவிட்டது என்று அண்ணனிடம் சொல்ல மனமில்லாமல் ஞானாம்பிகை கைப்பேசியை மகனிடம் நீட்டினாள்.

வாகீசன் பதறிப்போய்ப் பக்கத்தை எடுத்துப் பார்த்தான். பெட்டி அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

“அம்மா, முகவரியிலை ஒரு பிழையும் இல்லை. செல்லுபடியானதுதான்.”

“ஓம் தம்பி. நீ ஒருக்கால் திறந்து பாத்தனியோ?”

கலியாண வீடியோவைப் பிறகு அனுப்பிவிடலாம். மாமா கையில் வைத்திருக்கும் அறுகரிசியை யார் தலையில் போடுவது? வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குப் பச்சை நிறத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், நல்லது. உங்கள் மகளுக்கும் ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகக் கேள்வி. சாதகம் பொருந்திவிட்டது, படிப்பு பொருந்திவிட்டது, பையனுக்கு வெளிநாட்டு வீசா இருக்கிறது, ஊர் உறவெல்லாம் விசாரித்தாயிற்று; எல்லாப் பெட்டியும் பச்சை. மண்டபத்துக்கும் சொல்லிவிட்டீர்களாம்.

மகளிடம் ஒருக்கால் கேட்டுப் பார்த்தீர்களா?